வீட்டில் ஆர்க்கிட் கன்று பெருக்குதல்: வளர்ச்சி ஊக்கிகளின் பயன்

பூக்கடைகளிலும் திருமண மேடைகளிலும் இடம் பெற்ற ஆர்க்கிட் மலர், இப்போது தொட்டிச் செடியாக நம் சிற்றூர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. ஒரு சிறு செடிக்கு நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுக்க வேண்டியிருப்பதால், இதனை வீட்டிலேயே பெருக்குவதற்கு ஏதேனும் மருந்து உண்டா என்று கொடும்பாளூர்ப் பகுதித் தாய்மார்கள் நம்மை வினவுகின்றனர். மருந்து உண்டு. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பின்னரே அதற்குப் பணம் செலவிட வேண்டும்.

முதலில் விதையைப் பற்றி. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. நெல்லிலும் அவரையிலும் உள்ளதுபோல முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அதில் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் அது முளைக்கிறது என்பதை 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சையின்றியே அதனை முளைக்கச் செய்யலாம் என்று 1922இல் அமெரிக்காவில் நட்சன் என்பவர் காட்டினார். எனினும் அது கிருமியற்ற ஆய்வுக்கூடத்தில் செய்யத்தக்க வேலை. வீட்டிற்கு ஏற்றது, வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பதுபோல, தாய்ச் செடியின் கணுவிலிருந்து கன்று எடுக்கும் முறையே ஆகும்.

வளர்ச்சி ஊக்கி என்பது உரமன்று, செடிக்கு உணவளிப்பதுமன்று. உறங்கும் மொட்டை விழிக்கச் செய்யவும் வேர் விடத் தூண்டவும் செடி தானே மிகச் சிறிய அளவில் சுரக்கும் பொருள்கள் உள்ளன. அவற்றையோ அவற்றை ஒத்தவற்றையோ நாம் வெளியிலிருந்து தருகிறோம். உழவர்களுக்கு இது புதிதன்று. பருத்தியில் பூவும் பிஞ்சும் உதிராதிருக்கத் தெளிக்கும் என்.ஏ.ஏ. ஒரு வளர்ச்சி ஊக்கியே. களைக்கொல்லியாக நாம் அறிந்த 2,4-டி என்பதும் அதே இனத்தைச் சேர்ந்தது! சிறிதளவு வளர்க்கும், மிகுந்தால் கொல்லும். நெற்பயிர் வெளிறி, அளவு மீறி நெட்டையாகி, மணி பிடியாமல் போகும் நோய் ஒன்று உண்டு. பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா நிறுவினார். அப்பொருளே பின்னர் ஜிப்ரெலின் எனப் பெயர் பெற்றது. அளவு மீறிய ஊக்கி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி செய்முறை. நம் சமவெளி வெப்பத்தைத் தாங்குபவை டென்ட்ரோபியம், வாண்டா ஆகிய இனங்கள். டென்ட்ரோபியத்தின் தண்டு கரும்புபோலக் கணுக்கள் உடையது. பூத்து முடிந்து இலை உதிர்ந்த பழைய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஈரமான தென்னை நார்க்கழிவின்மேல் நிழலில் படுக்க வைத்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ கணுவில் கன்று தோன்றும். மருந்தே இல்லாமல் பலமுறை இது கைகூடும் என்பதால், முதலில் இவ்வாறே முயல வேண்டும் என்பது நம் கருத்து.

கணு உறங்கியே கிடந்தால் சைட்டோகைனின் இனத்தைச் சேர்ந்த பென்சைல் அடினைன் கலந்த பசையைப் பயன்படுத்தலாம். கணுவை மூடியுள்ள மெல்லிய உறையைக் கீறி விலக்கி, பற்குச்சி முனையால் கடுகளவு பசையை மொட்டின்மேல் தடவினால் போதும். ஒரு செடியில் ஒரு கணுவிற்கு மேல் வேண்டாம். மிகுதியாகத் தடவினால் உருக்குலைந்த தளிர்கள் கொத்தாகக் கிளம்பித் தாய்ச் செடியின் வலுவை உறிஞ்சிவிடும். நோயுற்ற செடிக்கு இதனைத் தடவுதல் ஆகாது. ஒரு செடியை வெட்டிய கத்தியைத் தீயில் காட்டாமல் மற்றொன்றில் வைத்தால் நச்சுயிரி நோய் பரவும். மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துக் கையைக் கழுவ வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கன்று இரண்டு அங்குல வேர் விட்ட பிறகே அதனைப் பிரிக்க வேண்டும். வேர் மெலிந்திருந்தால் என்.ஏ.ஏ. உதவும், ஆனால் அளவில் கண்டிப்பு தேவை. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4.5 விழுக்காட்டுக் கரைசல்; அதில் ஒரு மில்லி லிட்டரை நாலரை லிட்டர் நீரில் கலந்தால் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு ஆகும். இத்தகைய நீர்த்த கரைசலில் கன்றின் அடியைச் சிறிது நேரம் நனைத்து எடுப்பதே தக்கது. கைக்கணக்காக ஊற்றுதல் கூடாது.

இளநீரைப் பற்றியும் கேட்கின்றனர். தேங்காய் நீரில் வளர்ச்சி ஊக்கும் பொருள் உண்டு என்பது 1941 முதல் அறிந்த உண்மை. ஆர்க்கிட் ஆய்வுக்கூடங்களில் அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் வீட்டுத் தொட்டியில் ஊற்றினால், அதிலுள்ள சர்க்கரைக்கு எறும்பும் அழுகலும்தான் முதலில் வந்து சேரும். அதனைக் குடித்துவிடுவதே நலம்.

கொடும்பாளூரில் உண்மையான இடர் மருந்துக் குறை அன்று, வெயிலும் நீரும்தான். உப்பு மிகுந்த கிணற்று நீர் ஆர்க்கிட் வேரைக் கருக்கும். ஆதலால் கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தொட்டியில் சேமித்து ஊற்ற வேண்டும்; 2003இல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு இதற்கும் பயன்படட்டும். செடியை மண்ணில் நடுதல் கூடாது. கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, பல நாள் நீரில் ஊறவைத்துச் சாயம் போக்கிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் வேர் காற்றோட்டத்துடன் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெயிலை மறைக்கும் நிழல்வலை இன்றியமையாதது. சித்திரை, வைகாசி மாதங்களில் பசை தடவிப் பயனில்லை. மழை தொடங்கிக் காற்றில் ஈரம் வந்தபின் தொடங்கலாம்.

கன்று பூக்க ஓரிரண்டு ஆண்டுகளாவது செல்லும். ஆகவே இதனை உடனடி வருமானமாகக் காட்டி நூற்றுக்கணக்கான செடிகளை மகளிர் குழுக்களின் தலையில் கட்ட வருவோரிடம் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கடன் வாங்கித் தொடங்கத்தக்க தொழிலாக இப்பகுதிக்கு இதனை நாம் பரிந்துரைக்கவில்லை. இரண்டு செடிகள் வாங்கி, ஒரு கோடையைக் கடத்திப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

தமிழகச் சமவெளி மரங்களில் தானே ஒட்டி வளரும் வாண்டா டெசல்லேட்டா என்ற ஆர்க்கிட் ஒன்று உண்டு. இதன் வேரை மருந்துச் சரக்காக விற்கும் வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் இருக்கிறது. கோயில் காடுகளிலோ ஏரிக்கரை மரங்களிலோ இதனைக் கண்டால், வீட்டுத் தொட்டிக்கென்று பிய்த்தெடுக்காமல் மரத்திலேயே விட்டுவைக்க வேண்டுகிறோம். காப்புக்காடுகளில் அனுமதியின்றி எடுப்பது குற்றமுமாகும். பல்வகை ஆர்க்கிட்களையும் நேரில் காண விரும்புவோர்க்கு ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது.