சிமிழில் ஒன்று, சீசாவில் ஒன்று

கடந்த தவக்காலத்தில் ஒரு நாள் நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்ற இளைஞர், “சாமி, அப்பாவுக்கு வலப்பக்கம் விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்” என்றார். நோயாளர் எண்ணெய் உள்ள சிமிழை எடுத்துக்கொண்டு அவருடன் விரைந்தோம்.

நோயில்பூசுதல் முடிந்தபின், நோயாளியின் மனைவி கண்ணீருடன் ஒரு செய்தியைச் சொன்னார். குவைத்தில் பணிபுரியும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தாராம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் இரத்தக் குழாயில் உள்ள அடைப்பெல்லாம் கரைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் கூறினாராம். அதை நம்பிய குடும்பத் தலைவர், எட்டு ஆண்டுகளாக உட்கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மூன்று மாதங்களில் பக்கவாதம் தாக்கியது.

இறைவன் அருளால் அவர் பிழைத்தார். வலக்கை மட்டும் இன்னும் முழுமையாக வசப்படவில்லை. “பெயர் போடாமல் எழுதுங்கள், சாமி, நாலு பேருக்குப் பயன்படும்” என்று அவரே நம்மைக் கேட்டுக்கொண்டார். ஆகவே எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். அவரை வீழ்த்தியது எண்ணெய் அன்று, மாத்திரையை நிறுத்தியதே. ஒலிவ எண்ணெய் உடலுக்கு நன்மை தரும் என்பது மெய். அறிவியல் ஆய்ந்து ஏற்ற மெய். ஆயினும் அந்நன்மை எவ்வாறு வருகிறது என்பதை அறியாதவருக்கு அந்த மெய்யே கண்ணியாகிவிடுகிறது.

கிரேத்துத் தீவு காட்டிய வழி

புனித சின்னப்பர் தம் சீடர் தீத்துவை விட்டுச்சென்ற கிரேத்துத் தீவை நாம் அறிவோம். அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் என்பவர் 1958ஆம் ஆண்டு ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நடுவயது ஆடவர் 12,000 பேருக்கு மேல் அதில் இடம்பெற்றனர். கிரேத்து மக்கள் தங்கள் உணவு ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கைக் கொழுப்பிலிருந்தே பெற்றனர். அப்படியிருந்தும் இதய நோயால் மாண்டோர் அங்கே மிகக் குறைவு. கிழக்குப் பின்லாந்து மக்களும் அதே அளவு கொழுப்பு உண்டனர். அவர்களிடையே இதய நோய் மிகுந்திருந்தது. பின்லாந்தினர் உண்டது பெரும்பாலும் பால், வெண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பு. கிரேத்தினர் உண்டது பெரும்பாலும் ஒலிவ எண்ணெய்.

ஆனால் கிரேத்து உழவர் எண்ணெயை மட்டும் உண்டு வாழவில்லை. ரொட்டி, பயறு, கீரை, காய், கனி ஆகியவையே அவர்தம் அன்றாட உணவு, இறைச்சி அரிது, நாள் முழுவதும் நிலத்தில் உழைப்பு. மேலும் அவர்கள் சார்ந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்கள் நோன்பு நாட்கள். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குவர்; கடும் நோன்பு நாட்களில் ஒலிவ எண்ணெயையும் விலக்குவர். எண்ணெய் வளம் மிக்க நாட்டிலும் எண்ணெய்க்கு ஓர் எல்லை இருந்தது!

எண்ணெயில் உள்ளது என்ன?

ஒலிவ எண்ணெயில் நூற்றுக்கு 55 முதல் 83 பங்கு வரை ஒலேயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் உள்ளது. வெண்ணெய், நெய், பனை எண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பிற்குப் பதிலாக இதை உண்டால், குருதியில் தீய கொலஸ்டிரால் குறையும். ‘பதிலாக’ என்னும் சொல்லை வாசகர்கள் அடிக்கோடிட்டுக் கொள்வார்களாக. எல்லா எண்ணெய்களையும் போல இதுவும் கொழுப்பே. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. வழக்கமான சமையல் எண்ணெயைக் குறைக்காமல் காலையில் இரண்டு கரண்டி கூடுதலாகக் குடிப்பவர் தம் எடைக்கே உரமிடுகின்றார்.

இரண்டாவது, பழத்தை வெப்பமோ வேதிப்பொருளோ இன்றிப் பிழிந்தெடுத்த ‘எக்ஸ்ட்ரா விர்ஜின்’ வகையில் பாலிபீனால் எனப்படும் பொருள்கள் உள்ளன. அவை குருதியிலுள்ள கொழுப்பு கெட்டுப்போகாமல் காக்கின்றன. இந்நன்மையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஏற்றது. அதற்கு நாளொன்றுக்கு 20 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மேசைக்கரண்டி போதும். நல்ல ஒலிவ எண்ணெய் தொண்டையில் சற்றே காரும். அதற்குக் காரணமான பொருள், வலிக்கு நாம் உட்கொள்ளும் ஐபுபுரூபன் மாத்திரையைப் போலச் செயற்படுவதை 2005இல் கண்டறிந்தனர்.

ஸ்பெயினில் ஒரு சோதனை

இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த முதியோர் 7,447 பேரைக் கொண்டு ஸ்பெயின் நாட்டில் பெரும் ஆய்வொன்று நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளிவந்தது. சில இடங்களில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை காணப்பட்டதால், ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்றுக் கணக்கைத் திருத்தி, 2018இல் மறுபடி வெளியிட்டனர். முடிவு பெரிதும் மாறவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை, பொது அறிவுரை மட்டும் பெற்றோரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 பேருக்கு நேர்ந்தன. காய், கனி, பயறு, மீன் அடங்கிய உணவோடு ஒலிவ எண்ணெயும் பெற்றோரில் அது 8 ஆகக் குறைந்தது.

ஆயிரம் பேரில் மூவர் தப்புவது சிறு நன்மை அன்று. அம்மூவரும் யாரோ ஒருவருடைய தாய் தந்தையரே. ஆனால் எஞ்சிய எட்டுப் பேரை எண்ணெயால் காக்க முடியவில்லை என்பதையும் மறவோம். மேலும், அவ்வாய்வில் இருந்தோர் பலர் தங்கள் மருந்துகளையும் தொடர்ந்து உட்கொண்டே வந்தனர்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

வசதியுள்ளோர் வாங்கலாம். எக்ஸ்ட்ரா விர்ஜின் வகையைக் கரும்பச்சைச் சீசாவில் வாங்கி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைத்து, வேக வைத்த காய், கீரை, சுண்டல் ஆகியவற்றின்மேல் ஊற்றி உண்பது சிறந்தது. ‘பொமாஸ்’ என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. அதில் மேற்சொன்ன பாலிபீனால்கள் மிகக் குறைவு. ‘லைட்’ என்பது நிறத்தையும் சுவையையுமே குறிக்கும், கலோரியை அன்று.

மலிவாகத் தெருவில் கிடைப்பதை நம்ப வேண்டா. 1981இல் ஸ்பெயினில், தொழிற்சாலைப் பயனுக்கென வந்த கடுகின எண்ணெயை ஒலிவ எண்ணெய் என்று விற்றனர். ஏறத்தாழ 20,000 பேர் நோயுற்றனர், முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

வசதியற்றோர் கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை. நம் கடலை எண்ணெயில் ஏறத்தாழ பாதியும், நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கும் அதே ஒலேயிக் அமிலந்தான். ஒலிவத்தின் பாலிபீனால்கள் இவற்றில் இல்லை. எனினும் அளவோடு பயன்படுத்தி, கீரையும் பயறும் சேர்த்துண்டால் ஏழை வீட்டுச் சாப்பாடும் இதயத்துக்கு நல்லதே.

திருச்சபையும் இத்தகைய பரிவையே காட்டியது. நோயில்பூசுதலுக்கு நூற்றாண்டுகளாக ஒலிவ எண்ணெயே வேண்டும் என்றிருந்தது. அது கிடைத்தற்கரிய நாடுகளை மனத்திற்கொண்டு, பிற தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972இல் இசைவளித்தார்.

நல்ல சமாரியனை நினைத்துப் பார்ப்போம். காயமுற்றவன்மேல் அவர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார். அத்துடன் நின்றாரா? அவனைத் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய், பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பணமும் தந்தார். எண்ணெய் தொடக்கமே, தொடர்ந்த கவனிப்புதான் அவனை எழுப்பியது.

நாம் முதலில் குறிப்பிட்ட அன்பர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறார். மகன் தந்த எண்ணெய் இன்றும் அவர் வீட்டில் உண்டு; அது கீரையில் சேர்கிறது. மாத்திரையை அவர் மனைவி காலைச் செபம் முடிந்ததும் கையில் எடுத்துத் தருகிறார். அவ்வீட்டில் இப்போது இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.