நிரூபிக்க வேண்டியவர் யார்?

1952-இல் 'இல்லஸ்ட்ரேட்டட்' என்ற லண்டன் இதழ், கடவுள் உண்டா என்ற கேள்விக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைக் கேட்டது. எழுதிக் கொடுத்தார்; இதழ் அச்சிடவில்லை. ஆனால் அதில் வந்த தேநீர்க் கெண்டி உலகப் புகழ் பெற்றுவிட்டது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில், எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாத பீங்கான் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொல்கிறார். 'முடிந்தால் இல்லையென்று நிரூபி' என்று அவர் சவால் விட்டால் யார் மதிப்பார்கள்? உண்டு என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்றார் ரஸ்ஸல்.

இதற்கு நீதிமன்ற வடிவம் கொடுத்தவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃப்ளூ. குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதி. அதுபோல ஆதாரம் வரும்வரை நாத்திகமே தொடக்க நிலை என்று 1972-இல் வாதிட்டார். அவர் சொன்ன நாத்திகர், கடவுள் இல்லையென்று அடித்துச் சொல்பவர் அல்லர். நம்பிக்கை கொள்ளாதவர், அவ்வளவே.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா இதை ஏற்கவில்லை. கெண்டியை நாம் மறுப்பது சான்று கிடைக்காததால் மட்டுமல்ல. அதை விண்வெளிக்கு யாரும் அனுப்பவில்லை என்பதும் நமக்குத் தெரியும். கடவுளை மறுக்க அப்படி என்ன காரணம் இருக்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அது 'இல்லை' என்று உறுதியாகச் சொல்பவரைத்தான் கட்டும். நம்பாமல் இருப்பவரைக் கட்டாது.

இந்தியாவில் இந்த வழக்கு ஆயிரம் ஆண்டுப் பழையது. வேதத்தைத் தலைமேல் வைத்த மீமாம்சகர் குமாரிலரே உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் உண்டென்பதை மறுத்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நியாயம் என்ற தருக்க மரபின் உதயணர் 'நியாயகுசுமாஞ்சலி'யில் மறுப்பாளர்களுக்குப் பதில் சொன்னார். வெளிச்சமுள்ள தரையில் பானை தென்படாவிட்டால் பானை இல்லை எனலாம். புலனுக்கே எட்டாத ஒன்றைக் காணவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது. கூர்மையான வாதம். ஆனாலும் அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உலகம் ஒரு காரியம், ஆகவே அதைச் செய்த கர்த்தா உண்டு என்பது முதலாகத் தம் சான்றுகளை அடுக்கினார். ஆத்திகரான அவரே நிரூபிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயங்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. தமக்கு அற்புத சக்தி இருப்பதாக ஏமாற்றுக்கு இடமில்லாமல் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் இலங்கையில் அறிவித்தார் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

நாத்திகமே தொடக்க நிலை என்று வாதிட்ட ஃப்ளூவே 2004-இல் தம் நிலையை மாற்றிக்கொண்டார். உயிரின் தோற்றத்திலுள்ள சிக்கலைப் பார்த்தால் ஒரு பேரறிவு உண்டென்றே தோன்றுகிறது என்றார். அப்போதும் மதங்கள் சொல்லும் கடவுளையோ மறுமையையோ அவர் ஏற்கவில்லை.