ஊசிக்கு முன்னால் இத்தனை கேள்வி எதற்கு?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அண்ணே. பக்கவாதம் என்று ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், ஊசி போடாமல் கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று கோபப்படுகிறீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் மருந்துகளுக்கு நல்ல கட்டி, கெட்ட கட்டி தெரியாது. மூளைக் குழாயை அடைத்ததையும் கரைக்கும். போன வாரம் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தத்தை நிறுத்தி வைத்திருப்பதையும் கரைக்கும்.

குழாய் அடைத்தாலும் வாய் கோணும், வெடித்தாலும் கோணும். வெடித்தவருக்கு இந்த ஊசி போட்டால் ஆள் தப்புவது கஷ்டம். அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். முன்பு எப்போதாவது மூளையில் ரத்தம் கசிந்திருந்தாலும் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

அடுத்து நேரம். நாலரை மணி நேரம் என்பது பொதுவான எல்லை. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரம் கணக்கில்லை. ராத்திரி கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. (எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு விலக்குத் தருவதுண்டு.) நேரம் போகப் போகக் குழாய்ச் சுவரும் நைந்துவிடும், ரத்தம் திரும்பப் பாய்ந்தால் கசியும். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களிலேயே 100க்கு 6 பேருக்கு மூளையில் கசிந்து நிலைமை மோசமானது. போடாதவர்களில் அது ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் மூன்று மாதம் கழித்துத் தேறி நடமாடியவர்கள் ஊசி போட்ட பக்கத்தில்தான் அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிபி 185/110க்கு மேல் என்றால் இறக்கிவிட்டுத்தான் போடுவார்கள். சுகர் 50க்குக் கீழே போனாலும் பக்கவாதம் மாதிரியே கை விழலாம். குளுக்கோஸ் ஏற்றினாலே சரியாகிவிடும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆஸ்பிரின் தடையில்லை. மாதவிலக்கும் தடையில்லை, இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மாரடைப்புக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதுண்டு, அதில் வேறொரு பொறி இருக்கிறது. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் நெஞ்சு வலிக்கும், வலி முதுகுக்குப் போகும். அங்கே இந்த ஊசி எமன். சந்தேகம் வந்தால் இரண்டு கையிலும் பிபி பார்ப்பது அதற்குத்தான். இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. ஒருமுறை போட்ட உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் வைத்திருக்கும். மறுபடி போட்டால் வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். முன்பு போட்டிருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொண்டு போங்கள்.