தபாலில் வந்த புகழ்

கடல் கடக்காமலே உலக விஞ்ஞானிகளின் வட்டத்தில் இடம் பிடித்தார்கள் கல்கத்தாவின் இரண்டு பேர். ஆயுதம்: தபால்தலை.

எண் 210, பௌபஜார் வீதி, கல்கத்தா. நகரின் பெயரும் வீதியின் பெயரும் இப்போது மாறிவிட்டன. அந்த இடத்தில் இன்று இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் இயற்பியல் பேராசிரியர்கள் தங்களுக்கு வரும் உறைகளில் அடிக்கடி பார்த்த முகவரி இதுதான். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அங்குதான் இருந்தது.

1907-ல் துணை அக்கவுன்டன்ட் ஜெனரலாக கல்கத்தாவுக்கு வந்த சி.வி. ராமனுக்கு வயது 18. டிராமில் போகும்போது இந்தக் கழகத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. அன்று முதல் விடிகாலையில் ஆய்வுக்கூடம், பகலில் அரசாங்கக் கணக்கு, மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம்.

கையில் டாக்டர் பட்டம் இல்லை. வழிகாட்டப் பேராசிரியர் இல்லை. துறையின் ஜாம்பவான்கள் எல்லோரும் கப்பல் தபால் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும் தூரத்தில் இருந்தார்கள். ராமன் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1906-ல், லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகஸீன்' அவரது கட்டுரையை வெளியிட்டிருந்தது. எழுதினால் பதில் வரும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு, இந்தப் பையனுக்கு எழுதிய கடிதத்தில் 'பேராசிரியர்' என்று விளித்ததாக ஒரு கதை உண்டு.

அவரது வழி எளிமையானது. பெரிய முடிவு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. வயலின் தந்தியின் அதிர்வோ, ஒளியின் விளிம்பு விலகலோ, கண்டதைச் சின்னக் குறிப்பாக எழுதி 'நேச்சர்', 'ஃபிசிக்கல் ரிவ்யூ' போன்ற இதழ்களுக்கு அனுப்பிவிடுவார். 1917-ல் அரசாங்க வேலையை உதறிவிட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். 1921-ல் முதன்முறையாக இங்கிலாந்தில் கால் வைத்தபோது, அங்கே அவர் அந்நியர் அல்ல. அவரது கட்டுரைகள் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. திரும்பி வரும் வழியிலும் பழக்கம் விடவில்லை. கடலின் நீலத்தைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், பம்பாய் துறைமுகத்தில் நின்ற 'நார்குண்டா' கப்பலைத்தான் தன் முகவரியாகக் குறிப்பிட்டார்.

இன்னொருவரின் கதை இதைவிடத் துணிச்சலானது. கல்கத்தாவில் பிறந்து டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த சத்யேந்திரநாத் போஸ், 1924 ஜூன் 4 அன்று ஐன்ஸ்டீனுக்குத் தன் கட்டுரை ஒன்றை அனுப்பினார். பிடித்திருந்தால் ஜெர்மன் மொழியில் வெளியிட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். முன்பின் பார்த்திராதவரிடம் இப்படிக் கேட்பதற்கு அவரிடம் ஒரு பழைய நூலிழைத் தொடர்பு இருந்தது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை அவரும் மேகநாத் சாகாவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக்கியிருந்தது. அன்று கல்கத்தாவிலிருந்து அனுமதி கேட்டவன் நான்தான் என்று கடிதத்தில் நினைவூட்டினார்.

ஐன்ஸ்டீன் தானே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஜூலை 2 தேதியிட்ட ஒரு தபால் அட்டையில் பாராட்டியும் எழுதினார். ஐரோப்பா செல்ல போஸுக்கு இரண்டு ஆண்டு விடுப்புக் கிடைக்க அந்த அட்டையே போதுமானதாக இருந்தது. 'போசான்' என்ற பெயரில் இன்றும் இயற்பியலில் வாழ்கிறார் போஸ்.

கடிதம் அனுப்பும் வேகம் எவ்வளவு முக்கியம் என்பது 1928-ல் தெரிந்தது. பிப்ரவரி 28 அன்று ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் புதிய வண்ணக் கோடுகளைக் கண்டார்கள். அடுத்த நாளே பத்திரிகைகளுக்குச் செய்தி போனது. 'நேச்சர்' இதழுக்கு ஏற்கெனவே ஒரு குறிப்பு போயிருந்தது, அடுத்ததும் சென்றது. மார்ச் 16 அன்று ராமன் பெங்களூரில் இது குறித்துப் பேசினார். அந்தப் பேச்சு அச்சேற வெளிநாட்டு ஆசிரியர் எவரின் தயவும் தேவைப்படவில்லை. கழகமே 1926 முதல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' நடத்தி வந்தது. மார்ச் 31 தேதியிட்டுக் கட்டுரை வெளிவந்தது. பிரதிகள் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் பறந்தன.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவர் அதே விளைவைக் குவார்ட்ஸ் படிகத்தில் பிப்ரவரி 21 அன்றே, அதாவது ஒரு வாரம் முன்பே, பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்களது கட்டுரை ஜெர்மன் இதழில் வெளிவரும்போது ஜூலை ஆகிவிட்டது. அதற்குள் கல்கத்தாவின் குறிப்புகளை உலகம் படித்து முடித்திருந்தது. 'ராமன் விளைவு' என்று பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான பிரிங்ஷைம். அமெரிக்காவின் ஆர்.டபிள்யூ. வுட் சோதித்துப் பார்த்து உறுதிப்படுத்தினார். ரதர்ஃபோர்டும் நீல்ஸ் போரும் நோபலுக்குப் பரிந்துரைத்தார்கள். 1930-ல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. ரஷ்யர்கள் இன்றும் அந்த விளைவை ராமன் பெயரால் குறிப்பிடுவதில்லை. மனக்குறை நியாயமானதுதான்.

தபால் உறவு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 1928-லேயே ஜெர்மனியின் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் கல்கத்தாவுக்கு வந்து சொற்பொழிவாற்றினார். கிருஷ்ணன் குறிப்பெடுக்க, பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. கேட்டுவிட்டுக் கைதட்டுவதோடு நிறுத்தாமல் விருந்தாளியின் பேச்சை நூலாக்கித் தருவதைவிட நல்ல மரியாதை என்ன இருக்க முடியும்?

ஓய்வூரிலிருந்தே உத்தியோகம் பார்க்கும் இந்தக் காலத்தில், முகம் தெரியாத பெரியவர்களுக்கு நொடியில் கடிதம் அனுப்பிவிட முடிகிறது. பதில் வராததுதான் பலரது புலம்பல். பௌபஜார் வீதியிலிருந்து போன உறைகளில் வெறும் வணக்கம் இருந்ததில்லை. ஒவ்வொன்றிலும் படிப்பவருக்குப் பயன்படும் ஏதோ ஒன்று இருந்தது: ஒரு சோதனை முடிவு, ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு புதிய கணக்கு. பதில் வந்ததில் ஆச்சரியம் இல்லை.