தினமும் எடை பார்க்கலாமா? எக்ஸெல்லிடம் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல்லில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், மாத பட்ஜெட் போடுகிறேன் என்பார்கள். இரண்டாவது மாதம் அந்த ஃபைலை யாரும் திறப்பதில்லை. அதைவிட உருப்படியான வேலை ஒன்றை எக்ஸெல்லுக்குக் கொடுக்கலாம். உடல் எடையைக் குறைக்க முயல்பவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும்? தினமும் பாருங்கள், ஆனால் அன்றன்று வரும் எண்ணை நம்பாதீர்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் சாதாரணக் கணக்குதான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 கிராம் குறையும். வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் காட்டும். ஆனால் உடம்பில் உள்ள தண்ணீர், குடலில் இருக்கும் உணவு இவற்றால் எடை ஒரே நாளில் ஒரு கிலோ கூட ஏறி இறங்கும். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றைக் குறைத்தவுடன் முதல் வாரத்தில் மளமளவென்று எடை குறைவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். நாம் தேடுவது 65 கிராம். அதைச் சுற்றி ஒரு கிலோ இரைச்சல்.

அப்படியானால் வாரம் ஒருமுறை பார்த்தால் போதாதா? போதாது. அந்த ஒரு நாளிலும் அதே இரைச்சல் இருக்குமே! என் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அப்பா ஞாயிறு தோறும்தான் எடை பார்ப்பார். நான் வற்புறுத்தியதால் இரண்டு வாரம் தினமும் பார்த்து போனில் சொன்னார். முதல் ஞாயிறு 82.5 கிலோ. அடுத்த சனிக்கிழமை இரவு ஒரு கல்யாண ரிசப்ஷன். மறுநாள் காலை 83.2. "தினமும் ஒரு மணி நேரம் நடந்து என்னப்பா பிரயோஜனம்? நாளையிலிருந்து நான் போகப் போவதில்லை" என்றார். ஃபைலைத் திறந்தேன். முதல் வாரச் சராசரி 82.8, இரண்டாவது வாரம் 82.3. அரைக் கிலோ குறைந்திருந்தது. 700 கிராம் கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 5,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அப்பாவால் அது முடியாது. அப்பளமும் ஊறுகாயும் பிடித்து வைத்த தண்ணீர் அது என்று விளக்கியதும் மறுநாள் நடக்கக் கிளம்பினார்.

இனி ஷீட் தயாரிப்போம். முதல் வரியில் ஏ காலத்துக்கு "தேதி", பி காலத்துக்கு "எடை", சி காலத்துக்கு "சராசரி" என்று தலைப்பிடுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானாக வந்துவிடும். ஏழு நாள் எடையும் பி2 முதல் பி8 வரை நிரம்பியதும் சி8 செல்லில் கிளிக் செய்திடுங்கள். ஹோம் டேபில் உள்ள ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் சிறிய அம்புக்குறி இருக்கும். அதில் "ஆவரேஜ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, மவுஸால் பி2 முதல் பி8 வரை இழுத்து, என்டர் தட்டுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் நீளமாக எண்கள் வந்தால் "டிக்ரீஸ் டெசிமல்" பட்டனால் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த நாள் எடையை பி9ல் போட்ட பின் சி8 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு வரி கீழே இழுத்திடுங்கள். ஃபார்முலாவும் ஒரு வரி இறங்கி, பி3 முதல் பி9 வரை கணக்கிடும். அதாவது எப்போதும் கடைசி ஏழு நாட்களின் சராசரி. ஒரு நாள் எடை பார்க்கவில்லையா? செல்லைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். காலி செல்லை ஆவரேஜ் கணக்கில் சேர்க்காது. 0 போட்டால் சேர்த்து, சராசரியைப் பாதாளத்துக்குக் கொண்டு போய்விடும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆட்டோகேட் தந்த ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், 1991ல் எழுதிய "தி ஹேக்கர்ஸ் டயட்" புத்தகத்தில் தினமும் எடை பார்த்துச் சராசரியைக் கவனிக்கச் சொன்னார். (இங்கே ஹேக்கர் என்றால் திருடன் இல்லை, புரோகிராமர்!) அவர் கணக்கு கொஞ்சம் வேறு: நேற்றைய சராசரிக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நேற்றைய சராசரியோடு சேர்ப்பது. ஆரம்பத்துக்கு ஏழு நாள் சராசரியே போதும்.

எடையைக் காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். மெஷினை மிதியடி மேல் வைக்காமல் சமமான தரையில் வையுங்கள். மாதவிலக்கை ஒட்டிப் பெண்களுக்கு நீர் தேங்கி எடை கூடலாம். அவர்கள் வாரத்தோடு வாரம் பார்க்காமல், போன மாதம் அதே சமயத்தில் இருந்த சராசரியோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இந்த ஷீட் பக்கமே வர வேண்டாம். காலையில் எண்ணைப் பார்த்து நாள் முழுக்க மனம் வாடுகிறது, சாப்பாடே இறங்கவில்லை என்பவர்கள் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு டாக்டரைப் பார்க்கலாம். பழைய பேன்ட்டின் இடுப்பு தளர்வதும் ஒரு கணக்குதான். அதற்கு எக்ஸெல் தேவையில்லை.