துவங்க மறுக்கும் லினக்ஸ்

லினக்ஸின் கர்னலை, பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டார். அதன் மூலநிரல் யாவர்க்கும் கிடைப்பதால், வேண்டிய பகுதிகளை மட்டும் தேர்ந்து, இயக்க முறைமை ஒன்றை அடியிலிருந்தே தாமாகக் கட்டிக்கொள்வோர் உளர். கட்டியதை முதலில் மெய்நிகர் யந்திரத்தில் ஏற்றிச் சோதிப்பது வழக்கம். பல நாள் உழைப்பின் பயனாய் விளைந்த அமைப்பு, அங்கே 'கர்னல் பேனிக்' என்ற சொற்களைக் காட்டிவிட்டு அசையாது நிற்பதும் உண்டு. அவ்வேளையில் யாவற்றையும் அழித்து மீண்டும் கட்ட மனம் தூண்டும். ஆயின், பிழை பெரும்பாலும் ஒரே வரியில்தான் இருக்கும்.

துவக்கம் என்பது தொடரோட்டத்தை ஒத்தது. முதலில் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ வட்டைத் தேடுகிறது. அதிலுள்ள கிரப் என்னும் துவக்கி, கர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கர்னல் ரூட் பகுதியை இணைக்கிறது. இறுதியில் இனிட் என்னும் முதல் நிரல் இயங்குகிறது. கோல் எவர் கையில் நழுவிற்று என்பதை அறிவதே முதற் பணியாகும்.

கிரப்பே தோன்றாவிடில், யூஇஎஃப்ஐ முறைக்கென அமைத்த வட்டைப் பயாஸ் முறையில் துவக்க முயன்றிருக்கலாம். கியூஎமு, சாதாரணக் கணிப்பொறியாக இயங்குகையில், வேறு கட்டளை தராவிடில் பயாஸ் முறையையே மேற்கொள்ளும்.

கர்னல் துவங்கியபின், ரூட் பகுதியை இணைக்க இயலவில்லை என்ற செய்தி (0,0) என்னும் எண்களோடு வந்தால், கர்னலுக்கு அப்பகுதி அகப்படவே இல்லை என்பது பொருள். செய்திக்கு அண்மையில், கர்னல் தான் கண்ட வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடுவதைக் கவனித்தல் வேண்டும். பட்டியலில் வட்டு இருக்குமாயின், பெயரே தவறு. 'விர்ட்டியோ' வகை வட்டின் பெயர் விடிஏ. சாட்டா வட்டின் பெயர் எஸ்டிஏ. கோப்பு முறைக்குரிய யூயூஐடி எண்ணைத் தந்திருப்பினும் இவ்விடர் நேரும். இனிட்ராம்எஃப்எஸ் துணையின்றிக் கர்னல் அதனைப் புரிந்துகொள்ளாது. வட்டுப் பகுதிக்குரிய பார்ட்யூயூஐடி எண்ணாயின் அத்துணையின்றியே புரிந்துகொள்ளும்.

பட்டியலில் வட்டே இல்லையேல், அதற்குரிய டிரைவர் கர்னலில் இல்லை எனலாம். டிரைவரை மாட்யூலாக ஆக்கி அதே வட்டில் வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும். அதனைக் கர்னலுடன் இணைத்தே கட்டுதல் வேண்டும்; அன்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்தல் வேண்டும். எண்கள் (8,1) போன்று அமையின், வட்டு அகப்பட்டது. எக்ஸ்ட்4 முதலிய கோப்பு முறைக்குரிய டிரைவரே பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

ரூட் பகுதி இணைந்த பின்னரும் இனிட் இயங்காவிடில், அந்நிரலோ அதற்கு வேண்டிய நூலகக் கோப்போ உரிய இடத்தில் இல்லையா எனப் பார்த்தல் நலம்.

செய்திகள் விரைந்தோடி மறையுமாயின், கர்னலின் வெளியீட்டைத் தொடர் துறைக்குத் திருப்பி, கோப்பில் சேமித்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்பது விளங்காது.

தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியில் இதே பிழை நேர்ந்தால், காண்பதற்குத் திரைகூட அருகில் இராது. மெய்நிகர் யந்திரத்திலோ தவற்றின் விலை சில நிமிடங்களே. படிப்படியாக ஆராயும் பழக்கத்தை அங்கேயே பெறுதல் எளிது.