போகாத ஊருக்கு வழி

வீண்வேலை செய்பவனைப் "போகாத ஊருக்கு வழி தேடுகிறான்" என்று நம் பெரியவர்கள் கேலி செய்வார்கள். சென்ற விடுமுறைக்கு முன் ஒரு நாள் நள்ளிரவில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லாத தீவொன்றின் கரையோரமாக நான் சாலை வரைந்துகொண்டிருந்தேன். விடுதியில் அடுத்த அறை அண்ணன் எட்டிப் பார்த்தார். "வழி தேடுகிறவனையாவது மன்னிக்கலாம் தம்பி. நீ இல்லாத ஊருக்கு ரோடே போடுகிறாயே!" என்றார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை, சிரித்து மழுப்பினேன். அந்த விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

கற்பனை நாட்டுக்குப் படம் வரைவது புதிதன்று. 1881-ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற ஊரில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் மனைவியின் முதல் மணத்து மகனான சிறுவனோடு விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். படம் முந்தியது, கதை அதிலிருந்து பிறந்தது. அதுதான் 'டிரெஷர் ஐலண்ட்'. நூல் அச்சேறும் வேளையில் அந்தப் படம் தொலைந்துபோயிற்று. பாவம், ஆசிரியர் தம் கதையையே மறுபடி துருவிப் படித்து, அதில் சொல்லியிருந்த திசைகளையும் தூரங்களையும் குறித்துக்கொண்டு, கையில் கவராயத்துடன் புதுப் படம் வரைய நேர்ந்தது. கற்பனைத் தீவாயினும் கணக்கு உதைக்கக் கூடாதல்லவா? எனினும் அவருக்கு ஒரு வசதி இருந்தது. தீவும் அவருடையது, சுற்றியுள்ள கடலும் அவருடையது. அண்டை நாட்டான் என்று ஒருவன் இல்லை.

இன்று இந்தப் பொழுதுபோக்கில் அண்டை நாட்டான் வந்துவிட்டான். சுவையே அங்கேதான் தொடங்குகிறது.

எவரும் திருத்தக்கூடிய உலகப் படமாக 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் முயற்சியை 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கினார். அதன் கருவிகள் எல்லாருக்கும் பொது. அவற்றைக் கொண்டே 2012-இல் 'ஓப்பன் ஜியோஃபிக்‌ஷன்' என்ற கற்பனைக் கோளம் எழுந்தது. பூமியை ஒத்த கோளம் அது. ஆனால் கண்டங்கள் வேறு, கடல்கள் வேறு. அங்கே அரக்கரும் இல்லை, மாயக் கோட்டையும் இல்லை. மின்சார நிலையம், நெடுஞ்சாலை, அடுக்குமாடிக் குடியிருப்பு, இடுகாடு என்று நம் காலத்து வாழ்வே இருக்கிறது. விரும்பிக் கேட்பவருக்கு ஒரு நாடு ஒதுக்கப்படும். நெடுநாள் தொடாமல் போட்டுவைத்தால் அது கைமாறிவிடும். பலரும் சேர்ந்து வரையும் பொதுநாடுகளும் உண்டு. நான் இன்னும் அப்படிப்பட்ட ஒன்றில் பழகுபவனே. உண்மை உலகத்தின் நகரமொன்றைப் பெயர்த்தெடுத்து அங்கே ஒட்டுவது மட்டும் கண்டிப்பாக விலக்கப்பட்டிருக்கிறது.

வரையும் முறை எளிது. புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைக் கோடாக இணைக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடு ஆறா, சாலையா, மதிற்சுவரா என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் கையில் சீட்டுக் கட்டுவதுபோல் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குறிச்சொல் கட்டிவிட வேண்டும். கோட்டின் திசைக்கும் பொருள் உண்டு. ஆற்றை நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். கடற்கரையை வரையும்போது நிலம் இடக்கையிலும் நீர் வலக்கையிலும் இருக்க வேண்டும். அதாவது தீவை இடஞ்சுழியாகச் சுற்றி வர வேண்டும். கோயிலை வலம் வந்த பழக்கமோ என்னவோ, நான் வலஞ்சுழியாகச் சுற்றி முடித்தேன். ஜே.ஓ.எஸ்.எம். என்னும் மென்பொருள் உடனே எச்சரித்தது. அதன் கணக்கில் என் தீவு கடலாகவும், கடல் நிலமாகவும் ஆகிவிட்டன! இரண்டு மாலை உழைப்பு.

புதியவர்கள் தவறுகிற இடங்கள் இன்னும் சில உண்டு. திரையில் தெரியும் படம் மெர்க்கேட்டர் முறையிலானது. 60 பாகை அட்சத்தில் நீளம் இருமடங்காகத் தோன்றும். பரப்போ நான்கு மடங்கு. வடக்கே ஒரு பேரரசைப் படைத்துவிட்டதாக எண்ணி இறுமாந்திருப்போம். அளந்து பார்த்தால் அது ஒரு மாவட்டத்துக்கே காணும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்குத் தெருமுனைபோல் வளைவு போடுவார்கள். அந்த வேகத்துக்கு வளைவின் ஆரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு ஆறுகள் கூடி ஒன்றாவது இயல்பு. ஓர் ஆறு பிரிந்து பிரிந்து போவதைக் கழிமுகத்தில்தான் பெரும்பாலும் காணலாம். இவையெல்லாம் பள்ளியில் படித்தவைதாம். ஆனால் என் ஆறு மலைமேல் ஏறுவதை வேறொருவர் சுட்டிக்காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

அண்டை நாட்டானுக்கு வருவோம். அவருடைய மலையில் பிறக்கும் ஆறு என் சமவெளியில் பாய்கிறது. அவர் அதைத் திருப்பிவிட்டால் கழிமுகத்தில் நான் கட்டிய துறைமுகம் என்னாவது? நடுவர் மன்றங்களில் ஆற்றுநீருக்கு வழக்காடும் மாநிலங்களில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் போட்ட சாலை எல்லையில் எந்தப் புள்ளியில் முடிகிறதோ, அங்கேதான் என் சாலை தொடங்க வேண்டும். எல்லைக்கு அப்பால் ஆற்றுக்கு வேறு பெயர் இருக்கலாம். சாங்போ நம் நாட்டுக்குள் வந்து பிரம்மபுத்திரா ஆகவில்லையா? ஆனால் ஆறு ஒன்றுதான். ஆகவே ஒரு கோட்டை நகர்த்துமுன் முகமறியாத ஒருவருக்கு எழுதிக் கேட்டு, அவர் இசையும்வரை காத்திருக்க வேண்டும். சிலர் பொறுமையிழந்து விலகிவிடுகிறார்கள். வருத்தந்தான், ஆனால் கேட்காமல் பிறர் ஆற்றை நகர்த்துபவரைவிட விலகுபவர் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இந்தக் கற்பனைக் கோளத்தை உண்மைப் படத்தோடு கலவாமல் தனியே வைத்திருப்பதற்கும் தக்க காரணம் உண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டின் தலைநகரைப் பூகம்பம் தகர்த்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வத் தொண்டர்கள் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக்குச் சென்றவர்கள் அந்தப் படத்தைக் கொண்டு வழி கண்டார்கள். அதே புள்ளி, அதே கோடு, அதே குறிச்சொல்! மாறாக, 2017-இன் இறுதியில் 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டு அந்தப் படத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும், தங்கள் வீட்டருகே விளையாட்டுப் பிராணிகள் மிகுதியாகத் தோன்றும் என்று நம்பிச் சிலர் இல்லாத பூங்காக்களை அதில் வரைந்துவிட்டார்கள். அவற்றைத் தேடித்தேடி அழிப்பது மற்றவர்களுக்கு வேலையாயிற்று. என் தீவில் இல்லாத பாலத்தை நான் போட்டால் எவரும் ஆற்றில் விழப்போவதில்லை. உண்மைப் படத்தில் போட்டால்?

அண்ணனிடம் இதையெல்லாம் சென்ற வாரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நம் விடுதிக்குப் பின்னால் வேலியோரமாக நூல்நிலையத்துக்குக் குறுக்கே போகிறோமே, அந்தப் பாதை உன் உண்மைப் படத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். திறந்து பார்த்தோம், இல்லை. மறுநாள் காலையில் இருவரும் அதில் நடந்தோம். கிணற்றடியில் ஒரு புள்ளி, வேப்பமரத்துத் திருப்பத்தில் ஒரு புள்ளி, நூல்நிலையத்தின் பின்கதவில் ஒரு புள்ளி. ஒற்றையடிப் பாதைக்குரிய குறிச்சொல்லை அண்ணனே கட்டினார்.